72 ஷெவெல்லில் 94 ட்ரக் 350: பழைய ஃப்ளைவீல் ஏன் உட்கார மாட்டேன் என்கிறது?

#1 ஷெவெல்72

வணக்கம். வண்டி 1972 செவர்லே ஷெவெல், 350 (கன அங்குலம்) எஞ்சின், நாலு கியர் மன்சி எம்20. எஞ்சினை மட்டும் மாற்றுகிறேன். வந்திருப்பது 1994 ட்ரக்கில் ஆட்டோமேட்டிக் கியரோடு ஓடிய 350. பிளாக்கின் பின்பக்க எண் 14093638.

இரண்டும் 350தானே என்று பழைய ஃப்ளைவீலை (கிளட்ச் உட்காரும் கனமான சக்கரம்) கிராங்க் (எஞ்சினின் சுழல்தண்டு) முனையில் வைத்துப் பார்த்தால் ஆறு ஓட்டையில் ஒன்றுகூட நேர் வரவில்லை. கிராங்க்கில் உள்ள ஓட்டைகள் இன்னும் நெருக்கமாக இருக்கின்றன. பழைய ஃப்ளைவீல், கிளட்ச், பெல் ஹவுசிங் (எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் வரும் மணி வடிவக் கூடு), ஸ்டார்ட்டர் எல்லாம் நல்ல நிலையில்தான் உள்ளன. எதை வைத்துக்கொள்ளலாம், எதை வாங்க வேண்டும்?

#2 லேத்துப்பட்டறை

எண் 14093638 என்றால் 87-லிருந்து 95 வரை வந்த பிளாக். பின்பக்க ஆயில் சீல் ஒரே வளையம். உங்கள் 72 எஞ்சினில் அந்த சீல் இரண்டு அரைவட்டத் துண்டு. பிரச்சினை முழுக்க இங்கேதான் ஆரம்பம்.

செவர்லே ஸ்மால் பிளாக்கில் (350 சேர்ந்த வி8 குடும்பம்) 1985 வரை இரண்டு துண்டு சீல். கிராங்க் முகத்தில் போல்ட் வட்டம் 3.58 அங்குலம். 1986 முதல் ஒரு துண்டு சீல். போல்ட் வட்டம் 3.00 அங்குலம். கிராங்க்கை மாற்றாமல் பழைய ஃப்ளைவீல் இதில் ஏறாது.

ஓட்டை பொருந்தாதது ஒரு வகையில் நல்லதுதான், தப்பாக மாட்ட விடாது. கவனிக்க வேண்டியது பேலன்ஸ். பழைய கிராங்க்கின் பின்முகம் முழு வட்டம் இல்லை, ஒரு பக்கம் கூடுதல் இரும்பு தெரியும். பேலன்ஸுக்கான எடையில் ஒரு பங்கு அதுதான். ஒரு துண்டு சீல் வழுக்க வேண்டுமென்றால் முகம் சுத்தமான வட்டமாக இருந்தாக வேண்டும். அதனால் அந்த எடையை அங்கிருந்து எடுத்து ஃப்ளைவீலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆகவே:

72-இன் 350: ஃப்ளைவீல் நடுநிலை, எடை கிடையாது.
86 முதல் வந்த 305, 350: ஃப்ளைவீலில் எடை உண்டு. முன்பக்க டாம்பர் (கிராங்க்கின் முன் முனையில் அதிர்வை அடக்கும் சக்கரம்) நடுநிலை.
பழைய 400: முன்னே டாம்பரிலும் எடை, பின்னே ஃப்ளைவீலிலும் எடை.

கடையில் "350 ஃப்ளைவீல்" என்று மட்டும் கேட்டால் எதை வேண்டுமானாலும் எடுத்துக் கொடுப்பார்கள். "86-க்குப் பிறகு, ஒரு துண்டு சீல், 350" என்று சொல்லிக் கேளுங்கள்.

#3 வி8பித்தன்

பழைய ஃப்ளைவீல்லயே 3 அங்குல வட்டத்துல புதுசா ஆறு ஓட்டை போட்டுட்டா? லேத் இருக்கிறவங்களுக்கு அரை நாள் வேலை. புது ஃப்ளைவீல் காசு மிச்சம்.

#4 லேத்துப்பட்டறை

வேண்டாம். மூன்று காரணம்.

பழைய ஃப்ளைவீலின் நடு ஓட்டை பழைய கிராங்க்கின் அளவுக்குக் கடைந்தது. புதுக் கிராங்க்கில் அது நடுவைப் பிடிக்காது, போல்ட்டுகள்தான் பிடிக்க வேண்டியிருக்கும். ஃப்ளைவீல் போல்ட்டின் வேலை இறுக்கிப் பிடிப்பது. மையம் காட்டுவது அல்ல.

இரண்டாவது, எடை. ஓட்டை சரியாக வந்தாலும் அது நடுநிலை ஃப்ளைவீல்தான். எஞ்சின் ஆடும்.

மூன்றாவது, புது ஓட்டைக்கும் பழைய ஓட்டைக்கும் நடுவே மிஞ்சுகிற இரும்பு மிக மெலிசு. வார்ப்பிரும்பு அந்த இடத்தில்தான் விரிசல் விடும். கிளட்ச்சோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீல் 5,000 சுற்றில் உடைந்தால் பெல் ஹவுசிங்கைக் கிழித்துக்கொண்டு கால் பக்கம் வரும். இதில் காசு மிச்சம் பிடிக்க இடமே இல்லை.

ஷெவெல்72, அடுத்த படிக்கு நாலு விவரம் வேண்டும்: பழைய ஃப்ளைவீலின் பல் எண்ணிக்கை, பெல் ஹவுசிங் மேல் உள்ள எண், கிளட்ச் பிளேட்டின் நடுவில் எத்தனை பள்ளம், புது பிளாக்கில் ஸ்டார்ட்டருக்கு எத்தனை ஓட்டை.

#5 ஷெவெல்72

பல் 168. பெல் ஹவுசிங் 3899621. கிளட்ச் பிளேட் 11 அங்குலம், நடுவில் 26 பள்ளம். பிளாக்கில் ஸ்டார்ட்டருக்கு மூன்று ஓட்டை.

#6 கியர்_மாமா

மூணு ஓட்டை இருக்கிறது நல்ல சேதி. பாதித் தலைவலி போச்சு.

ஸ்மால் பிளாக்குல ஃப்ளைவீல் ரெண்டு சைஸ்தான். 153 பல்லுன்னா 12¾ அங்குலம், 168 பல்லுன்னா 14 அங்குலம். சின்னதுக்கு ஸ்டார்ட்டர் போல்ட் ரெண்டும் ஒரே நேர்கோட்டுல வரும். பெருசுக்கு ஒண்ணு முன்ன, ஒண்ணு பின்ன, சாய்வா வரும். சில பிளாக்குல ரெண்டு ஓட்டைதான் போட்டிருப்பான், அப்போ ஃப்ளைவீல் சைஸை அதுதான் முடிவு பண்ணும். உங்களுக்கு மூணும் இருக்கு, எது வேணும்னாலும் போடலாம்.

621 பெல் ஹவுசிங் பெருசு, 168 பல்லும் உள்ள போகும், 153-உம் போகும். இதுவே 3858403-ஆ இருந்தா 153 மட்டும்தான். 14 அங்குல ஃப்ளைவீல் சுவர்ல உரசும். நிறைய பேர் எஞ்சினை வண்டிக்குள்ள இறக்கின பிறகுதான் இதைக் கண்டுபிடிக்கிறாங்க.

26 பள்ளம்னா 71-லிருந்து வந்த மன்சி, 1⅛ அங்குல ஷாஃப்ட். அதுக்கு முன்னாடி வந்த எம்20-ல பெரும்பாலும் 10 பள்ளம். கியர்பாக்ஸை யாராவது எப்பவோ மாத்தியிருக்கலாம். அதனால வண்டியோட வருஷத்தை நம்பாம ஷாஃப்ட்டை எண்ணினது சரி.

என் யோசனை: ஒரு துண்டு சீலுக்கான, எடை வெச்ச, 168 பல் ஃப்ளைவீல் வாங்குங்க. உங்க 11 அங்குல கிளட்ச், ஸ்டார்ட்டர், கீழ இருக்கிற தகடு மூடி எல்லாம் அப்படியே ஆகும். ஆனா பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோட அழுத்திப் பிடிக்கிறது) ஓட்டை வட்டம் புது ஃப்ளைவீல்ல இருக்கான்னு வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. 168 பல்லுலயும் 11 அங்குலத்துக்கு மட்டும் ஓட்டை போட்டது உண்டு, ட்ரக்கோட 12 அங்குலத்துக்கு மட்டும் போட்டதும் உண்டு.

153-க்குப் போனா 10½ கிளட்ச், நேர்கோட்டு ஸ்டார்ட்டர், மூடி எல்லாம் மாறும். எடை குறைவு, சீக்கிரம் சுத்து ஏறும்னு சொல்வாங்க. தெருவுல ஓட்டற வண்டிக்கு, அதுவும் கனமான ஷெவெல்லுக்கு, பெருசே நல்லது. நின்ன இடத்துல இருந்து எடுக்கும்போது திணறாது.

போல்ட்: ஆறு, 7/16-20. ஃப்ளைவீலுக்குன்னு விக்கிற போல்ட்டே வாங்குங்க. ஆட்டோமேட்டிக்ல ஃப்ளைவீலுக்குப் பதிலா வர்ற தகட்டுல இருந்து கழட்டின போல்ட் நீளம் கம்மி, அதை ஃப்ளைவீலுக்குப் போடாதீங்க. குறுக்கும் நெடுக்குமா மூணு சுத்துல இறுக்கணும். ஒரு துண்டு சீல் எஞ்சினுக்கு 75 அடி-பவுண்டு, பழசுக்கு 60. போல்ட் கம்பெனி வேற சொன்னா அவன் சொல்றதுதான்.

பிரஷர் பிளேட் போல்ட் 3/8-16. அதுவும் அதுக்குன்னு தோள் வெச்சு வர்றதுதான். சாதா போல்ட் போட்டா பிளேட் மில்லி மில்லியா நகரும், பேலன்ஸ் போகும்.

#7 கனடாக்காரன்

அண்ணை, ரெண்டு விசயம் விட்டுட்டியள்.

ஒண்டு, பைலட் புஷ் (கியர்பாக்ஸ் ஷாஃப்ட் முனையைத் தாங்கிற சின்ன வளையம்). அந்த எஞ்சின் ஆட்டோமேட்டிக்கோட ஓடினது, கிராங்க் முனையில புஷ் இருக்காது. ஃப்ளைவீல் போடமுதல் அந்தக் குழியைத் துப்பரவாக்கி அளந்து பாருங்கோ. புஷ்ஷின்ர வெளி அளவு 1.094 அங்குலம், உள் அளவு 0.590 கிட்ட. குழிக்குள்ள துரு, பழைய கிரீஸ் கட்டி இருந்தால் புஷ் சரிஞ்சு இறங்கும். வெண்கலப் புஷ்தான் வாங்கவேணும். கடையிலயே காந்தம் வைச்சுப் பாருங்கோ, ஒட்டினால் இரும்புத்தூள் கலந்தது, அது ஷாஃப்ட் முனையைத் திண்டுபோடும். அடிக்கேக்க சுத்தியலால நேர அடிக்கப்படாது, அதே அளவு உருளைக் கட்டை வைச்சுத் தட்டவேணும்.

பழைய புஷ் இருக்கிற எஞ்சின் எண்டால் கழட்டுறது சுகம். குழிக்குள்ள கிரீஸ் நிரப்பி, 15 மில்லிமீட்டர் கம்பியை விட்டு அடியுங்கோ. கிரீஸ் பின்னால போய்ப் புஷ்ஷை வெளிய தள்ளும்.

மற்றது, கிளட்ச் மிதியில இருந்து வாற குறுக்குத் தண்டு. ஷெவெல்லில அதின்ர ஒரு பக்கம் சட்டத்தில, மற்றப் பக்கம் எஞ்சின் பிளாக்கில ஒரு உருண்டைத்தலை போல்ட்டில இருக்கும். பிந்திய பிளாக்குகள் சிலதில அந்த இடத்தில வார்ப்புக் குமிழ் மட்டும் இருக்கும், ஓட்டை போட்டு மரை வெட்டியிருக்காது. எஞ்சின் ஸ்டாண்டில நிக்கேக்கயே பாருங்கோ. உள்ள இறக்கினாப் பிறகு அங்க துளை போட ஏலாது.

#8 கியர்_மாமா

நல்லா சொன்னீங்க. அதே மாதிரி பெட்ரோல் பம்ப் இடமும். TBI (கார்புரேட்டருக்குப் பதிலா பெட்ரோலைப் பீய்ச்சற முறை) கால ட்ரக் பிளாக் பலதுல எஞ்சின்ல மாட்டற பம்ப்புக்கு இடம் கடைஞ்சிருக்க மாட்டான். எலெக்ட்ரிக் பம்ப்தான் வழி. அது வேற இழை.

#9 லேத்துப்பட்டறை

இப்போது எல்லோரும் தாண்டிப் போகிற வேலை. பெல் ஹவுசிங்கின் நடு ஓட்டை கிராங்க்கின் மையத்தோடு ஒன்றாக இருக்கிறதா என்று அளப்பது. பழைய எஞ்சினில் சரியாக இருந்த ஹவுசிங் புது பிளாக்கில் சரியாக இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை, ஏனென்றால் டவல் பின் (ஹவுசிங்கை இடத்தில் நிறுத்தும் முளை) துளை பிளாக்குக்குப் பிளாக் கொஞ்சம் மாறும்.

ஃப்ளைவீலை மட்டும் மாட்டி (கிளட்ச் வேண்டாம்) பெல் ஹவுசிங்கைப் போல்ட் போட்டு இறுக்குங்கள். டயல் கேஜின் காந்த அடியை ஃப்ளைவீலில் ஒட்டி, ஊசியை நடு ஓட்டையின் உட்சுவரில் வையுங்கள். மன்சிக்கு அந்த ஓட்டை 4.686 அங்குலம். ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, முன்பக்க டாம்பர் போல்ட்டில் ரெஞ்ச் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். கடிகாரத்தில் 12, 3, 6, 9 என நாலு இடத்தில் அளவு குறியுங்கள்.

ஒரு உதாரணம், அளவு எல்லாம் தௌவில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று), ஊசி அமுங்கினால் கூட்டல்:

12 மணி: 0
3 மணி: 4
6 மணி: 14
9 மணி: 10

முதலில் எதிரெதிர் எண்களைக் கூட்டுங்கள். 0+14=14, 4+10=14. இரண்டும் சமமாக வந்தால்தான் அளவு நம்பத்தக்கது. சமமில்லை என்றால் ஒன்று கேஜ் நகர்ந்திருக்கும், அல்லது ஓட்டை வட்டமாக இல்லை. திரும்ப எடுங்கள்.

மேல்-கீழ் வித்தியாசம் 14, அதில் பாதி 7 தௌ. பக்கவாட்டில் 6, பாதி 3 தௌ. மையம் உண்மையில் விலகியிருப்பது பாதி அளவுதான். கேஜ் இரு மடங்காகக் காட்டும். இரண்டையும் செங்கோண முக்கோணக் கணக்கில் சேர்த்தால் ஏறக்குறைய 7.6 தௌ விலகல். கேஜ் கணக்கில் மொத்தம் 15 தௌ. கியர்பாக்ஸ் கம்பெனியான ட்ரெமெக் தன் கியர்பாக்ஸ்களுக்கு வைத்திருக்கும் வரம்பு 5 தௌ. மன்சிக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்த ஆஃப்செட் (மையம் தள்ளிக் கடைந்த) டவல் பின் கிடைக்கும்: 7, 14, 21 தௌ. மேலே சொன்ன அளவுக்கு 7 தௌ பின் போதும். இங்கேதான் பலர் தடுமாறுவது: கேஜ் 14 காட்டியது என்று 14 பின் வாங்கினால் விலகல் எதிர்ப்பக்கம் போய்விடும்.

எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்? பெரிய எண் வந்த பக்கத்தில் சுவர் மையத்துக்குக் கிட்டே இருக்கிறது. ஹவுசிங்கை அந்தப் பக்கமே தள்ள வேண்டும். உதாரணத்தில் 6 மணிக்கும் 9 மணிக்கும் நடுவே, 6-க்கு அருகில், ஏறத்தாழ 6:45 திசை. இரண்டு பின்னும் ஒரே திசை பார்க்க வேண்டும். மாட்டியபின் மறுபடி அளந்து பாருங்கள்.

ஹவுசிங்கின் பின்முகத்திலும் ஊசியை வைத்து ஒரு சுற்று பாருங்கள், அதுவும் 5 தௌவுக்குள். அந்த நேரத்தில் கிராங்க்கை ஒரே பக்கமாக அழுத்திப் பிடியுங்கள். இல்லையென்றால் கிராங்க் முன்னும் பின்னும் நகர்வதும் அளவில் கலந்துவிடும்.

#10 வி8பித்தன்

இதெல்லாம் ரேஸ் வண்டிக்கு சார். அந்தக் காலத்துல எத்தனை பேர் டயல் கேஜ் வெச்சாங்க? மாட்டினோம், ஓடுச்சு.

#11 லேத்துப்பட்டறை

ஓடும். எப்படி ஓடும் என்பதுதான் கேள்வி. மையம் விலகியிருந்தால் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் முனையைப் பைலட் புஷ் ஒரு பக்கமும் முன் பேரிங் இன்னொரு பக்கமும் இழுக்கும். முதலில் புஷ் முட்டை வடிவமாகத் தேயும். பிறகு முன் பேரிங் சத்தம். சில வண்டிகளில் நாலாவது கியர் தானாக நழுவும். அதற்குக் கியர்பாக்ஸைப் பிரித்துப் புது சிங்க்ரோ (கியர்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும் வளையம்) போடுவார்கள், ஆறு மாதத்தில் திரும்ப வரும். கிளட்ச் பிளேட்டின் நடு ஸ்பிரிங் கூடு விரிசல் விடுவதற்கும் இது ஒரு காரணம். டயல் கேஜும் காந்த அடியும் சேர்த்து வாங்கினாலும் ஒரு கியர்பாக்ஸ் பேரிங் செட்டை விட மலிவு.

#12 மஸ்டாங்_மணி

குறுக்கே ஒரு கேள்வி. ஃபோர்டு 302-க்கும் இதே கதையா? 73 எஞ்சினை எடுத்துவிட்டு 89 மஸ்டாங்கின் 5.0 போடுகிறேன். ஓட்டை எல்லாம் பொருந்துகிறது.

#13 கியர்_மாமா

மணி, உங்க நிலைமை அதைவிட மோசம். செவர்லேயில ஓட்டை பொருந்தாம காப்பாத்துது. ஃபோர்டுல பொருந்திடும்.

பழைய 302-க்கு 28 அவுன்ஸ்-அங்குல எடை. எண்பதுகளின் தொடக்கத்துல 50 ஆக்கிட்டான். 89-ன் 5.0 நிச்சயமா 50. முன்பக்க டாம்பர், பின்பக்க ஃப்ளைவீல் ரெண்டும் 50 இருக்கணும், ஒண்ணு 28 ஒண்ணு 50 ஆகவே ஆகாது. 351 விண்ட்சர் மட்டும் கடைசி வரைக்கும் 28. ஆறு ஓட்டையில ஒண்ணு தள்ளி இருக்கும், ஒரே நிலையிலதான் ஏறும், அதனால எடை திசை மாறிப்போகாது. ஆனா எடையே தப்புன்னா அது காப்பாத்தாது.

தப்பா மாட்டினா எப்படித் தெரியும்னா: நியூட்ரல்ல வெச்சு மெதுவா சுத்து ஏத்துங்க. வண்டி நிக்கும்போதே, சுத்து ஏற ஏற நடுக்கமும் ஏறினா அது எஞ்சினோட சுத்தற பாகம்தான். வண்டி ஓடற வேகத்துக்கு ஏத்த மாதிரி நடுங்கினா புரொபெல்லர் ஷாஃப்ட், டயர் பக்கம் பாருங்க. நடுக்கத்தோட ஓட்டிக்கிட்டே இருந்தா மெயின் பேரிங் அடி வாங்கும்.

இன்னும் ரெண்டு: ஃபோர்டுல ஃப்ளைவீல் போல்ட் ஓட்டை ஆயில் இருக்கிற பக்கம் திறந்திருக்கும். மரையில சீலன்ட் தடவாம போட்டா கிளட்ச்ல ஆயில் வரும், நீங்க பின் சீல் போச்சுன்னு நினைப்பீங்க. 75-லிருந்து 85 அடி-பவுண்டு. அப்புறம் எஞ்சினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் நடுவுல வர்ற தகட்டை விட்டுடாதீங்க. ஃபோர்டுல ஸ்டார்ட்டர் ஹவுசிங்லதான் மாட்டுது, தகடு இல்லைன்னா பல் ஆழம் மாறிடும். 157 பல்லா 164 பல்லான்னும் எண்ணிக்குங்க.

#14 கனடாக்காரன்

ஆரும் இந்த இழையைப் பாத்திட்டு எல்.எஸ். எஞ்சினை (ஜி.எம்.இன்ர பிந்திய வி8) மன்சியோட போட யோசிச்சால்: பெல் ஹவுசிங் ஓட்டைகள் ஒண்டைத் தவிர பழைய ஸ்மால் பிளாக் போலதான், அதால ஏமாறவேண்டாம். எல்.எஸ். கிராங்க் முகம் 0.400 அங்குலம் முன்னால நிக்கும். சாதா புஷ் போட்டால் ஷாஃப்ட் முனை அதுக்குள்ள வடிவாப் போகாது, அதுக்கெண்டே நீட்டின பைலட் பேரிங் விக்கினம். ஆட்டோமேட்டிக் எண்டால் அதே அளவு ஸ்பேசர். ஃப்ளைவீலும் எல்.எஸ்.ஸுக்கானதுதான், போல்ட் 11 மில்லிமீட்டர், மூண்டு படியா 15, 37, 74 அடி-பவுண்டு.

#15 ஷெவெல்72

168 பல் ஃப்ளைவீல் மாட்டியாயிற்று. டயல் கேஜ் மொத்தம் 4 தௌதான் காட்டியது, ஆஃப்செட் பின் தேவைப்படவில்லை. குறுக்குத் தண்டுக்கு மரை இருந்தது. கியர்பாக்ஸ் ஏற்றுகிறேன், ஆனால் பெல் முகத்துக்கு அரை அங்குலம் முன்னால் நிற்கிறது. போல்ட் போட்டு இழுக்கலாமா?

#16 கியர்_மாமா

இழுக்கவே இழுக்காதீங்க! கியர்பாக்ஸ் காது உடையும், இல்லன்னா புஷ் நசுங்கும். அரை அங்குலத்துல நின்னா ஷாஃப்ட் முனை புஷ் வாயில முட்டி நிக்குது, அதாவது கிளட்ச் பிளேட் நடுவுல இல்லை. பின்னாடி எடுத்து, பிரஷர் பிளேட்டைத் தளர்த்தி, 26 பள்ளத்துக்கான அலைன்மென்ட் கட்டையை உள்ள விட்டு, அது புஷ்ஷுக்குள்ள வழுக்கிப் போறதைக் கையால உணர்ந்துக்கிட்டே போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. கட்டை தாராளமா வெளிய வரணும், உள்ள போகணும். பிளேட்ல ஃப்ளைவீல் பக்கம்னு எழுதியிருக்கிறது ஃப்ளைவீலைப் பார்த்துதான் இருக்கான்னும் பாருங்க.

அப்புறம் கியர்பாக்ஸை டாப் கியர்ல போட்டு, பின்பக்க ஷாஃப்ட்டை லேசா திருப்பிக்கிட்டே தள்ளுங்க. கைக்கே போய் உட்காரும்.

#17 ஷெவெல்72

உட்கார்ந்துவிட்டது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் ஸ்டார்ட் ஆனவுடன், சாவியை விடும் நேரத்தில், கீச்சென்று ஒரு சத்தம். ஸ்டார்ட்டர் பழையதேதான், 168-க்கானது.

#18 லேத்துப்பட்டறை

எஞ்சின் பிடித்த பிறகு கீச்சென்றால் பினியனும் (ஸ்டார்ட்டரின் சின்னப் பல்சக்கரம்) ரிங் கியரும் (ஃப்ளைவீல் விளிம்பின் பல்வளையம்) ரொம்ப நெருக்கம். சுற்றிக்கொண்டிருக்கும்போதே, எஞ்சின் பிடிப்பதற்கு முன்னால் கீச்சென்றால் ரொம்பத் தூரம். உங்களுக்கு முதல் வகை.

பேட்டரி வயரைக் கழற்றுங்கள். கீழ் மூடியை எடுத்துவிட்டு, பினியனை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ரிங் கியரோடு சேருங்கள். பினியன் பல் உச்சிக்கும் ரிங் கியர் பள்ளத்தின் அடிக்கும் நடுவே 20-லிருந்து 35 தௌ இருக்க வேண்டும். சாதாரணப் பேப்பர் கிளிப் கம்பி ஏறத்தாழ அந்தப் பெரிய அளவு, அது சிரமமில்லாமல் போனால் சரி. போகவில்லை என்றால் ஸ்டார்ட்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே இரண்டு போல்ட்டையும் சேர்த்துப் பிடிக்கிற முழு ஷிம் (மெல்லிய இடைத்தகடு) ஒன்று போடுங்கள். 15 தௌ ஷிம் ஒன்றுக்கு இடைவெளி ஏறக்குறைய 5 தௌ கூடும். தூரமாக இருக்கும் வண்டிக்கு வெளிப் போல்ட்டில் மட்டும் பாதி ஷிம். ரிங் கியரை நாலு இடத்தில் பாருங்கள், எங்கே மிக நெருக்கமோ அந்த இடத்தை வைத்து முடிவெடுங்கள்.

ஸ்டார்ட்டர் போல்ட் இரண்டும் தண்டில் சொரசொரப்பு வெட்டியது தானே? ஹார்டுவேர் கடையின் சாதாரண 3/8 போல்ட் துளையில் ஆடும், எத்தனை ஷிம் போட்டாலும் சத்தம் திரும்ப வரும்.

#19 ஷெவெல்72

ஒன்று சாதாரண போல்ட். இரண்டையும் மாற்றி ஒரு ஷிம் போட்டதும் சத்தம் போய்விட்டது. கிளட்ச் மிதியில் விளையாட்டு (கிளட்ச் விலகத் தொடங்குமுன் மிதி சும்மா இறங்கும் தூரம்) எவ்வளவு வைக்க?

#20 கியர்_மாமா

மேல ஒரு அங்குலம். புது பிளேட் தேயத் தேய அது குறையும். கொஞ்ச நாள் ஓட்டிட்டு இன்னொரு தடவை பார்த்து சரி பண்ணிக்குங்க.